நாலாம் மெஷினின் கீறல்

நாலாம் மெஷினில் வெட்டிய வளையம் எதுவென்று பவுனுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல வரும். அந்த மெஷினில் நின்றவர் அவள் புருஷன் சுந்தரமூர்த்தி.

மராத்தி ஊரான போசரியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் வண்டி என்ஜின்களுக்கு ஆயில் சீல் செய்தார்கள். எண்ணெய் ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் வளையம் அது. உள்ளங்கையில் நாலைந்து அடங்கும். அச்சிலிருந்து வெளியே வரும்போது அதன் உள்விளிம்பில் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். வளையத்தைச் சுழலும் மெஷினில் மாட்டி, கத்தியைக் கையால் மெல்ல நகர்த்தி, பிசிறை மட்டும் சீவி எடுக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடப் போய்விட்டால் விளிம்பில் கீறல் விழும். அப்புறம் அந்த வளையம் எதற்கும் ஆகாது.

சீவிய வளையங்களைப் பரிசோதிக்கும் மேசையில் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பவுன் அவர்களில் ஒருத்தி. வளையத்தை விரல் நுனியில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், கீறல் இருந்தால் தட்டுப்படும். மூர்த்தியின் கீறல் எப்போதும் ஒரே மாதிரி இருந்தது. ஆழம் கிடையாது. விளிம்பைத் தொட்டும் தொடாமலும் சரிந்து ஓடும். எட்டு மாதமாக அது கூடிக்கொண்டே வந்தது. எட்டு மாதமாகப் பவுனும் ஒரு காரியம் செய்துவந்தாள். மேஸ்திரி எண்ண வருவதற்கு முன்னால் மூர்த்தியின் வளையங்களில் கெட்டதைப் பொறுக்கி, பிசிறு கொட்டுகிற டிரம்மில் போட்டுவிடுவாள்.

கை தளர்ந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். நாற்பத்து மூன்று வயது. பதினாலு வருஷமாக ஒரே மெஷின். அடுத்த தெருவில் இருந்த கம்பெனியில் போன தீபாவளிக்கு முன்னால் ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். அதை நினைத்தால் அவள் கை தானாக டிரம் பக்கம் போய்விடும்.

இது தொண்ணூற்றெட்டாம் வருஷம். அதுவரை அவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கின ஸ்கூட்டர் கம்பெனி, தைவானிலிருந்து வரும் சீல் விலையும் குறைவு, ஒழுகுவதும் இல்லை என்று சொல்லி ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டது. முதலாளி பாட்வர்தன் ஒரு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு அவர் மகள் அம்ருதா, மும்பையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து கம்பெனியில் உட்கார்ந்தாள். எங்கெங்கோ கடிதம் எழுதி, ஒரு ஜப்பான் கம்பெனியைச் சம்மதிக்கவைத்து, சோதனைக்கு ஐயாயிரம் வளையம் அனுப்பினாள். அதில் நாற்பத்தொன்று கீறலோடு போயிருந்தது. மேசையின் விரல்களையும் தாண்டிப் போன கீறல்கள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அம்ருதா எல்லாரையும் தகரக் கூரைக்குக் கீழே கூட்டினாள். மராத்தியும் ஹிந்தியும் கலந்து பேசினாள்.

"இன்னொரு தடவை ஐயாயிரம் அனுப்பச் சொல்லியிருக்காங்க. ஆயிரத்துக்கு ரெண்டுக்கு மேல கீறல் இருந்தா அவ்வளவுதான், முடிஞ்சது. அடுத்த புதன்கிழமை அவங்க ஆள் மொரிதா நேர்ல வர்றார். நம்ம சீலை விட நல்ல சீல் உலகத்துல பத்து இடத்துல கிடைக்குது. நம்மளை ஏன் தேடி வரணும்? அதுக்கு ஒரு காரணம் நாமதான் உண்டாக்கணும்."

பிறகு ஒரு பலகையைக் காட்டினாள். அதில் ஏழு மெஷின்காரர்களின் பெயர்களும் வரிசையாக எழுதியிருந்தன. இனி ஒவ்வொரு தட்டிலும் வெட்டியவரின் சீட்டு இருக்கும். மேசையில் ஒரு கீறல் கிடைத்தால் அவர் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி.

பவுன் மூர்த்தியைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, தனக்கென்ன என்பதுபோலப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாளே அவர் தட்டில் பதினாறு கீறல் விரலில் தட்டியது. இனி டிரம்மில் போட வழியில்லை, தட்டை எண்ணித்தான் தருகிறார்கள். பக்கத்தில் இருந்த ஜமீலா தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அவள் முன்னால் ரெண்டாம் மெஷின் தட்டு இருந்தது, சேவியருடையது. பவுனின் கை அவளைக் கேட்காமலே போயிற்று. மூர்த்தியின் தட்டிலிருந்து ஒன்பது வளையம் அங்கே போனது, அங்கிருந்து நல்ல ஒன்பது இங்கே வந்தது.

மாலையில் பலகையில் மூர்த்திக்கு ஏழு புள்ளி. சேவியருக்குப் பதினொன்று.

சேவியர் கிர்க்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். ஐம்பது வயசிருக்கும். ஷிப்டு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் பலகைக்கு முன்னால் டிபன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரையும் திட்டவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். வாசலில் நின்று பவுன் அதைப் பார்த்தாள். வெள்ளியும் சனியும் யார் தட்டையும் அவள் தொட்டு மாற்றவில்லை. மூர்த்தியின் பெயருக்கு நேரே பதினேழு, பதினைந்து என்று புள்ளிகள் ஏறின. சேவியருக்கு ரெண்டு, மூன்றுக்கு மேல் போகவில்லை. மாலையில் பஸ்ஸைவிட்டுத் தாபோடியில் இறங்கி, மூர்த்தி வீடு வரைக்கும் அவளுக்கு ரெண்டடி முன்னாலேயே நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கீர்த்தி பழைய மர ஸ்டூலை இழுக்கப்போய் உள்ளங்கையில் சிராய் ஏற்றிக்கொண்டாள். பன்னிரண்டு வயசு, மராத்தி பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். வீட்டில் தமிழ் பேசினாலும் அது தட்டித் தடுமாறித்தான் வரும்.

"இங்க வாடி, நான் எடுக்கறன்" என்று மூர்த்தி கதவோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து அவள் கையை வாங்கினார்.

பவுன் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மகளின் கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நெற்றியைச் சுளித்தார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். அது போதவில்லை. தலையைப் பின்னால் சாய்த்தார். ஊசியை வைத்தார். அது சிராய்க்குப் பக்கத்தில் வெறும் தோலில் குத்தியது.

"ஆய்! அப்பா, அங்க நஹி, இங்க!" என்று கீர்த்தி கத்தினாள். "ஏன் என் கை இவ்ளோ தூரம் வைக்கிற? தூரம் வெச்சா எப்படி தெரியும்?"

"கிட்ட வெச்சாதான் தெரியமாட்டேங்குது" என்றார் மூர்த்தி, சாதாரணமாக.

பவுன் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை ஸ்டாப்பில் எல்லாருக்கும் முன்னால் சொல்கிறவர் அவர். அந்தக் கண்ணை யார் சந்தேகப்படுவார்கள்? மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பேப்பர் படிக்கிற பழக்கம் இல்லை. கிட்டத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே பொருள் அந்த ரப்பர் வளையம்தான். அது மெஷினில் ஒரு சாண் தூரத்தில் முடுக்கியிருக்கிறது. மகளின் கையைத் தள்ளுகிற மாதிரி அதைத் தள்ள முடியாது.

சிராயைப் பவுனே எடுத்தாள். மகள் விளையாட வெளியே ஓடினதும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, உனக்குக் கிட்டத்துல இருக்கறது தெரியறதில்லயா?"

"யாரு சொன்னது?"

"நான்தான் பாத்தன்."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "கலங்கலாத்தான் கீது" என்றார். "மெஷின்ல சத்தத்த வெச்சிப் பண்றன். கத்தி ரப்பர்ல படற சத்தம் மாறும். பதினாலு வருஷமா கேட்டுகினு கீறேன். முந்தி சரியாத்தான வந்தது. இந்தப் பலக வந்ததுல இருந்துதான் எனக்கே தெரிது, இத்தினி போவுதுன்னு."

பவுன் தலையைக் குனிந்துகொண்டாள். "பலக வர்றதுக்கு முந்தியே எனக்குத் தெரியும், மாமா. எட்டு மாசமா. நான்தான் பொறுக்கி டிரம்முல போட்டுகினு இருந்தன்." நிறுத்தி, மீதியையும் சொன்னாள். "வியாழக்கெழம ஒம்பது சேவியர் அண்ணன் தட்டுல போட்டுட்டன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எட்டு மாசமா எம் பக்கத்துலதான படுத்துகினு இருந்த? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா பவுனு?"

"சொன்னா ஒடஞ்சி பூடுவியோன்னு..."

"நான் இன்னா ரப்பரா, கீறல் உழுந்தா தூக்கிப் போட்டுடறதுக்கு?"

அதைக் கேட்டதும் அவள் அழுதுவிட்டாள். அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். சாம்பார் அடிப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. திரும்பி வந்து அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாளிக்கிப் போயி சொல்லிடலாம்" என்றார். "மொதல்ல சேவியர்கிட்ட."

திங்கட்கிழமை காலையில் சேவியர் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தபோதே பவுன் சொல்லிவிட்டாள். அவர் முழுவதையும் கேட்டார். சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

"அரே, நாலு நாளா என் சம்சாரம் என் கைக்கு எண்ணெ தேய்க்கிறாம்மா, நரம்பு போச்சுன்னு" என்றார். கோபம் குரலில் இருந்தது. பிறகு அது எப்படியோ சிரிப்பாக மாறியது. "பதினொண்ணுல ஒம்பது உன்னுது. சரி. அந்த ரெண்டு என்னுதுதானே? அதையும் மேடம்கிட்ட சேத்துச் சொல்லு. நல்ல பேரு முழுசா எனக்கு வேணாம்."

ஆபீஸ் அறையில் அம்ருதா அப்படிச் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோயிற்று.

"எட்டு மாசம்! கீறல் எங்கே வருதுன்னு நான் ராத்திரி பகலா மண்டையை உடைச்சிட்டிருந்தேன். கணக்குல பாதி டிரம்முக்குள்ள இருந்திருக்கு! உங்க ரெண்டு பேரையும் இப்பவே அனுப்பணும், தெரியுமா?"

"தெரியும் மேடம்" என்றாள் பவுன் ஹிந்தியில். "அவர் ஒண்ணும் பண்ணல. நான் பண்ணினதுதான். ஆனா அவர் கை நல்லா இருக்கு. கண்ணுதான். கிட்டத்துல தெரியல."

அம்ருதாவின் அப்பா பாட்வர்தன் இவ்வளவு நேரமும் மூலையில் பைல் படித்துக்கொண்டிருந்தவர், இப்போது எழுந்து வந்தார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மூர்த்தியிடம் நீட்டினார்.

"மூர்த்தி, இதைப் போட்டுப் பாருங்க. எனக்கும் நாற்பத்தி ரெண்டுலதான் வந்துச்சு."

மேசைமேல் ஒரு வளையம் கிடந்தது. மூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"இதுல இவ்ளோ கோடு கீதா!" என்றார் தமிழிலேயே, யாருக்கென்று இல்லாமல்.

பிறகு வளையத்தை வைத்துவிட்டு, முதலாளியும் அவர் மகளும் நிற்பதை மறந்தவர்போலப் பவுனின் வலது கையை எடுத்துப் பார்த்தார். விரல் நுனிகளில் தோல் தேய்ந்து பளபளத்தது. வெடிப்புகளில் ரப்பர் கறுப்பு ஏறி, கழுவினாலும் போகாத கோடுகளாக நின்றது. கட்டைவிரல் ஓரத்தில் புண் ஒன்று ஆறிக்கொண்டிருந்தது.

"இது எப்பத்துல இருந்து?" என்று கேட்டார்.

"அது கெடக்குது, உடு மாமா" என்று அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை. அம்ருதாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் மூர்த்திக்குப் போசரிக் கடைத்தெருவில் ஒரு கண்ணாடி வாங்கினார்கள். மறுநாள் அவர் பெயருக்கு நேரே ஒரே ஒரு புள்ளி விழுந்தது.

புதன்கிழமை மொரிதா வந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். அம்ருதா அவருக்குப் பலகையை மறைக்காமல் காட்டினாள். நடந்ததையும் மறைக்காமல் இங்கிலீஷில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நாலாம் மெஷின் பக்கத்தில் போய் அரை மணி நேரம் நின்றார். மூர்த்தி கத்தியை நகர்த்துவதையே பார்த்தார். அப்புறம் பரிசோதனை மேசைக்கு வந்து பவுனிடம் ஏதோ கேட்டார். அம்ருதா ஹிந்தியில் மாற்றினாள்.

"ஏன் மறைச்சீங்கன்னு கேக்கறார்."

பவுனுக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்லிச் சொல்லி அலுத்தும் போயிருந்தது. "வேலை போயிடும்னு. கெட்டது யாருதுன்னு தெரிஞ்சா அவரை அனுப்பிடுவாங்கன்னுதான் நினைச்சேன். ஏன் கெட்டுதுன்னு யாரும் கேப்பாங்கன்னு தோணல."

இது இங்கிலீஷாகப் போனதும் மொரிதா தலையை ஆட்டினார். பலகையிடம் திரும்பிப் போய், பெயர்களின்மேல் விரலை ஓட்டி, அம்ருதாவிடம் மெதுவாக ஒன்று சொன்னார். அவள் முகம் மறுபடி சிவந்தது. ஆனால் இந்தச் சிவப்பு வேறு. துணியை எடுத்து ஏழு பெயர்களையும் தானே அழித்தாள். அந்த இடத்தில் ஒன்று, ரெண்டு, மூன்று என்று மெஷின் நம்பரை எழுதினாள்.

"என்னா சொன்னாரு?" என்று ஜமீலா காதில் கேட்டாள். அவள் ஏரவாடாக்காரி, தமிழும் உருதுவும் ஒன்றாகப் பேசுவாள்.

"எனக்கு எங்க தெரியும்? ஆனா எங்க வூட்டுக்காரர் பேரு பலகையில இருந்து போயிடுச்சி" என்றாள் பவுன்.

அடுத்த வாரம் பேக்கிங் ஷெட்டில் கண் டாக்டர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். முப்பத்துநாலு பேரைப் பார்த்தார். பதினோரு பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. அதில் மேஸ்திரி ஒருவர். சேவியர் ஒருவர். "அந்த ரெண்டு புள்ளி எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்று அவர் ஷெட் முழுவதும் கேட்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி விளக்குப் போட்டார்கள். மழுங்கின கத்தியை மாற்ற மேஸ்திரியின் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். ரெண்டாவது ஐயாயிரம் கப்பலேறியது. அதில் மூன்றே மூன்று கீறல். தை மாதம் பிறந்தபோது, மாதம் ஒரு லட்சம் வளையத்துக்கு ஆர்டர் வந்தது. பாட்வர்தன் எல்லாருக்கும் பேடா கொடுத்தார்.

ஆனால் கீறல் குறைந்ததும் மேசையில் ஆறு பேருக்கும் போதுமான வேலை இல்லாமல் போயிற்று. யாருடைய சூழ்ச்சியும் இல்லை. தேடக் கெட்டது இல்லாதபோது தேடுகிறவர்கள் எதற்கு? அந்த நாட்களில் பவுன் மற்றப் பெண்களின் முகத்தைப் பார்க்கக் கூசினாள். உண்மையைச் சொல்லித் தன் புருஷனின் வேலையைக் காப்பாற்றி, ஜமீலாவின் வேலைக்கு உலை வைத்துவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

அவள் நேராக அம்ருதாவிடம் போனாள். "மேடம், ஒரு லட்சத்துக்கு ஏழு மெஷின் போதாதுன்னு மேஸ்திரி சொல்றாரு. எங்களுக்குக் கீறல் எப்படி இருக்கும்னு விரல்ல தெரியும். அது விழாம வெட்டத் தெரிஞ்சுக்க மாட்டோமா?"

"பொம்பளைங்க இதுவரைக்கும் மெஷின்ல நின்னதில்லையே" என்றாள் அம்ருதா. சொன்ன பிறகு, தான் உட்கார்ந்திருந்த அப்பாவின் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "சரி. புது மெஷின் போடறோம். யார் யார் வர்றீங்க?"

நாலு பேர் போனார்கள். ஜமீலா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். மேசையில் ரெண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

புது மெஷினில் முதல் நாள் பவுன் முன்னூறு வளையம் வெட்டினாள். அதில் நாற்பதைக் கெடுத்தாள். மூர்த்தி நாலாம் மெஷினிலிருந்து ரெண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை அவளே திரும்பி, "இன்னா?" என்றாள்.

"ஒண்ணியும் இல்ல. நல்லா நின்னுகினு கீற."

மாலையில் பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் ஜன்னலோரம் அவர். நாள் முழுக்க நின்ற கால் கெஞ்சியது, மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. காசர்வாடி தாண்டுவதற்குள் அவர் தோளில் தலை சாய்ந்துவிட்டது.

விழித்தபோது பஸ் ஆற்றுப் பாலத்தையும் கடந்து போபோடியில் நின்றுகொண்டிருந்தது.

"ஐயய்யோ! தாபோடி பூட்ச்சா? எழுப்பறதுக்கு இன்னா மாமா?"

"தூங்கிகினு இருந்த" என்றார்.

இறங்கித் திரும்பப் பாலத்தின்மேல் நடந்தார்கள். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. நடுப்பாலத்தில் அவர் நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்து நீவிவிட்டார். நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பவுன் வெட்கப்பட்டாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நாளிக்கி முப்பதுதான் கெடுப்பன்" என்றாள்.

"அவசரம் இல்ல" என்றார் மூர்த்தி. "கீர்த்தி பசியோட உக்காந்துகினு இருக்கும், வா."